டொக்டரிடம் கேளுங்கள்: கார்-ரி சிகிச்சையும் வெங்காயத் தோட்டமும்

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. நிணநீர்ப் புற்றுநோய்க்கு மும்பையில் கார்-ரி சிகிச்சை செய்து மூன்று மாதமாகிறது. வெள்ளணு எண்ணிக்கை நல்லாயிருக்கிறதாம். பிறகேன் இவ்வளவு குளிசை? விடிய எழும்பி வெறுங்காலோடு வெங்காயத்துக்குத் தண்ணி கட்டப் போய்விடுகிறார். மறிக்கவேண்டுமா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: மறியுங்கள் அம்மா, இன்றைக்கே.

கார்-ரி என்றால், அவருடைய ரி கலங்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு) எடுத்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள கலங்களைத் தேடிக் கொல்லும்படி மாற்றி ஏற்றியிருப்பார்கள். அந்த அடையாளம் புற்றுநோய்க் கலத்தில் மட்டுமல்ல, நல்ல பி கலத்திலும் உண்டு. களை பிடுங்கப் போய் நாற்றையும் பிடுங்கின கதை. பி கலம் இல்லையென்றால் கிருமியை எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரி புதிதாக உண்டாகாது. வெள்ளணு சரியாக இருந்தும் இந்தக் குறை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். அடுத்த கிளினிக்கில் ஐஜிஜி என்ற பிறபொருளெதிரியின் இரத்த அளவைக் கேளுங்கள். மிகக் குறைந்து, தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால் இமியூனோகுளோபுலின், அதாவது மற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி, ஏற்றுவார்கள்.

குளிசைகளில் அசைக்ளோவிர் இருந்தால் அது அக்கி வராமலிருக்க. கோட்ரைமொக்சசோல் ஒருவகை நியூமோனியாவைத் தடுக்க. வழக்கமாக ஆறு மாதமாவது போடவேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தோட்டத்துக்கு வருவோம். மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறும் ஒரு புழு இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற கடுந்தொற்றைத் தரும் கிருமியோ சேற்றிலும் தேங்கிய தண்ணியிலும் இருக்கும். மாரி மழையோடு கூடும். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது, மலசலகூடக் குழியும் பக்கத்திலேதான். சுகம் விசாரிக்க வருகிறவர்களில் தடிமன்காரரைப் படலையிலேயே அனுப்பிவிடுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

காய்ச்சல்தான் எனக்குப் பெரிய பயம். கீமோ எடுத்த ஒருவர் இரவு காய்ச்சலுக்கு இரண்டு பனடோல் போட்டுப் படுத்துவிட்டார். காலையில் கொண்டுவந்தபோது கை சில்லென்றிருந்தது, நாடி பிடிபடவில்லை. பனடோல் சூட்டை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. வெப்பமானியில் 100.4 பரனைட் கண்டால் இரவோ பகலோ உடனே ஆஸ்பத்திரி. மும்பைக் கடிதத்தின் பிரதி ஒன்றை அவருடைய சட்டைப் பையிலேயே வையுங்கள். இரவுக் கடமையில் இருக்கும் இளம் டொக்டர் கார்-ரி நோயாளியை முன்பு கண்டிராமலிருக்கலாம்.

உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதுவும் அவருக்கு இப்போது வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் ஃப்ளூ ஊசி போடுங்கள்.

வெங்காயத்தைப் பார்க்காமல் இருக்கமாட்டார் என்று தெரியும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதிரையோடு வேலிப்பக்கம் இருக்கட்டும். தண்ணி கட்டுவது மகன். பிழை பிடிப்பது இவர்.