ஜெர்மன் வாடகைக் காரில் பிரஸ்ஸல்ஸ்: பச்சை ஸ்டிக்கர் போதுமா?

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் கார் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப் போகிறோம். அங்கே வாகனப் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்கு அனுமதி வேண்டும் என்கிறார்கள். கார் என்னுடையது இல்லையே, நான் எப்படி வாங்குவது?

பதில்: யார் பெயரில் கார் இருந்தால் என்ன, எடுத்து ஓட்டுகிற நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். கட்டணமும் கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் இடைத்தரகர் என்று புரிந்துகொண்டு விலகிவிடுங்கள்.

முன்கண்ணாடியின் கீழ் மூலையில், 4 என்று பெரிதாக எழுதிய வட்டமான பச்சை ஸ்டிக்கர் இருக்கும். அது ஜெர்மனியின் புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்கு மட்டும்தான். பெல்ஜியத்தில் ஸ்டிக்கரை யாரும் பார்ப்பதில்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. பெல்ஜிய வண்டி என்றால் விவரம் அவர்கள் கணினியிலேயே கிடைத்துவிடும். நெதர்லாந்து வண்டிக்கும் அப்படியே, பதிவு தேவையில்லை. ஜெர்மன் பிளேட் என்றால் எதுவும் தெரியாது. நேற்று ஷோரூமிலிருந்து வந்த காராக இருந்தாலும், பதிவு இல்லாவிட்டால் பிரஸ்ஸல்ஸில் 150 யூரோ அபராதம். நோட்டீஸ் வாடகை நிறுவனத்துக்குப் போகும்; பெரும்பாலும் அவர்கள் தங்கள் ‘நிர்வாகக் கட்டண’த்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துவிடுவார்கள். எனக்கு அபராதத்தைவிட இதுதான் எரிச்சல்.

இதில் ஒரு தர்மசங்கடம்: சாவி கைக்கு வரும்வரை கார் நம்பர் தெரியாது. அதனால் ஊரிலிருந்தே முடித்துவிட வழியில்லை. சாவி வாங்கியதும் பார்க்கிங்கிலேயே டேஷ்போர்டு டிராயரைத் திறந்து பாருங்கள். நம்மூர் ஆர்.சி. போன்ற வண்டிப் பத்திரத்தின் நகல் வழக்கமாக அங்கே இருக்கும். இல்லையென்றால் கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். நிழல் விழாமல் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். முதல் பதிவுத் தேதி, எரிபொருள், யூரோ தரம் (நம்மூர் பி.எஸ். போன்ற புகைத் தரம்) எல்லாம் அதில் இருக்கின்றன. அன்று இரவே ஹோட்டலில் உட்கார்ந்து பதிவு செய்துவிடுங்கள். மண்டலத்துக்குள் நுழையும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

பிரஸ்ஸல்ஸ் பதிவு தனி. ஆன்ட்வெர்ப்புக்கும், கென்ட் என்ற இன்னொரு பெல்ஜிய நகரத்துக்கும் சேர்த்து இன்னொன்று. ஆக, உங்களுக்கு இரண்டு பதிவு. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிப் போகும் ரிங் ரோடு மண்டலத்தில் சேராது. ஆனால் உள்ளே 19 நகராட்சிகளும், 24 மணி நேரமும் அடக்கம்.

அப்புறம், வழியில் கார் பழுதாகி வேறு கார் கொடுத்தால் பழைய பதிவு செல்லாது. புது நம்பருக்கு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.