ஜீப்பை உயர்த்திய பின் முன் ஷாஃப்ட் இடிப்பது பற்றி

வணக்கம் ஐயா. லீஃப் ஸ்பிரிங் கொண்ட பழைய ஜீப்பை இரண்டரை அங்குலம் உயர்த்திய பிறகு, வாடிப்பட்டிப் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மட்டும் 'டக் டக்' என்ற சத்தம் வருவதாக எழுதியிருந்தீர்கள். சமதளத்தில் அது இல்லை என்பதால், ஆக்சில் கீழிறங்கும்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டு செல்லும் சுழல்தண்டு) சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறது, அல்லது ஷாஃப்ட் சாய்ந்த நிலையிலும் சுழல வழிசெய்யும் கிராஸ் ஜாயின்டின் கவைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்றே கருதுகிறேன்.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களை முழுவதும் தொங்கவிட்டு, நான்குசக்கர இயக்கத்தை விலக்கிய நிலையில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். குறுக்குச் சட்டத்தில் சப்பாத்தி மாவை உருட்டி ஒட்டினால் (வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல), எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதை அது அப்படியே காட்டிவிடும். அதே நிலையில், ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம்தரும் ஸ்லிப் ஜாயின்டின் பற்கள் போதிய நீளம் உள்ளே இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆக்சில் தேவைக்கு மேல் தொங்குவதே காரணமானால், அதைத் தடுக்கும் பட்டை வார் ஒன்றே போதும். ஷாஃப்டின் சாய்வைக் குறைக்க டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) தாழ்த்துவதை நான் விரும்புவதில்லை. உயர்த்திப் பெற்ற தரை இடைவெளியில் ஒரு பகுதியை அது திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வைத்து முன் பினியனை (ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) மேல்நோக்கித் திருப்பச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நான்குவழிச் சாலையில் ஸ்டீயரிங் அலைபாயும்.