வெயிலில் கோழி இறகு உதிர்கிறது, முட்டையும் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

நாமக்கல் பக்கம் வீட்டில் வளர்க்கும் முட்டைக்கோழிகள், கத்திரி வெயிலில் இறகு உதிர்த்து முட்டையையும் நிறுத்திவிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு கோழியைப் பிடித்துக் கழுத்து இறகை விலக்கிப் பாருங்கள். முள் முள்ளாகப் புது இறகு முளைத்திருந்தால் அது இயல்பான உதிர்வு. முளையே இல்லாவிட்டால் பேன் இருக்கிறதா, கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றனவா என்று பாருங்கள்.

இறகு பெரும்பாலும் புரதம்தான். அதனால் வெறும் சோளமும் அரிசியும் போதாது. சோயாப் புண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள் சேருங்கள். முட்டை திரும்ப 2, 3 மாதம்கூட ஆகலாம். அதற்குள் கறிக்குக் கொடுத்துவிடாதீர்கள், பாவம்.

ஆனால் உயிரை எடுப்பது வெயில்தான். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறிப் போவதால் முட்டை ஓடும் மெலிகிறது. தீவனம் செரிக்கும்போதும் உடல் சூடாகும். அதனால் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் தீனி போடுங்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சலைச் சாயங்காலம் வையுங்கள். தண்ணீரை மதியம் கட்டாயம் மாற்றுங்கள், சுடுதண்ணீரைக் கோழி தொடாது. சிமெண்ட் அட்டைக் கூரை என்றால் மேலே தென்னை ஓலை பரப்பி நனையுங்கள்.

இறக்கையை விரித்துத் துவண்டு கிடந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் கொண்டையையும் கால்களையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். பச்சையாகக் கழிந்தாலோ கழுத்து திருகினாலோ வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் தொற்றுநோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரை அழையுங்கள்.