ஜப்பானிய ஓவியர் டெட்சுயா இஷிடா ஓயாமல் தன் முகத்தையே வரைந்தது தற்பெருமை இல்லையா?

நீங்கள் அவருடைய ஓவியங்கள் இரண்டு மூன்றை மட்டும் பார்த்துவிட்டு இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது வயிற்றுப்பாடு.

டோக்கியோவில் மாணவனாக இருந்தபோது, வெளிநாட்டு மாணவர்களுக்கு வாரம் 28 மணி நேரம் அனுமதிக்கப்படும் பகுதிநேர வேலையாக, உணவுப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி பார்த்தேன். நகரும் பட்டையில் வரும் பெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் ஊறுகாய்த் துண்டு வைக்க வேண்டும். விடியும் வரை அவ்வளவுதான் வேலை. வெள்ளைத் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, கண்கள் மட்டும் தெரிய நாற்பது பேர் நிற்போம். மேற்பார்வையாளர் எங்களை எண் சொல்லித்தான் அழைப்பார். (ஜப்பானைப் பழிப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், கூலி ஒரு நாளும் தவறியதில்லை.)

அந்நாட்களில்தான் நூலகத்தில் ஓர் ஓவியத் தொகுப்பைப் புரட்டுகையில், 1996-இல் இஷிடா வரைந்த ‘எரிபொருள் நிரப்புவது போன்ற உணவு’ கண்ணில் பட்டது. கோட்டு அணிந்த வாடிக்கையாளர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுபோல் கடை ஊழியர்கள் அவர்கள் வாயில் குழாயைச் செருகுகிறார்கள். முதல் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றபடியே சோற்றுருண்டையை விழுங்கிப் பழகிய எனக்கு, அந்த முகம் இஷிடாவுடையது என்ற நினைவே எழவில்லை. படத்தின் நகலை அறையில் ஒட்டினேன். உடன் தங்கியிருந்த நேபாள நண்பன், அது எந்தக் கடை என்று கேட்டான்.

1973-இல் யைசு என்னும் மீன்பிடித் துறைமுக ஊரில் பிறந்த இஷிடா, முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த காலம், நிலம், பங்கு விலைகள் அளவுமீறி ஊதிப்போயிருந்த ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்து இளைஞர்களுக்கு நிலையான வேலை அரிதாகியிருந்த காலம். அவரும் பகுதிநேர வேலைகள் செய்துகொண்டேதான் வரைந்தார். தன்னிலிருந்து தொடங்கிய முகம் மெல்ல நுகர்வோர், நகரவாசி, தொழிலாளி எல்லோருடையதாகவும் விரிந்தது என்பதே அவர் தந்த விளக்கம். பழுதான சாதனம்போல் பிரித்துப் பெட்டியில் அடுக்கப்பட்ட மனிதன், வகுப்பறையில் நுண்ணோக்கியாகவே மாறிவிட்ட மாணவன், பள்ளிக் கட்டடத்துக்குள் உடல் சிக்கிக்கிடக்கும் சிறுவன் ஆகியோரை வரைந்தவர், இவற்றில் எதைக் காட்டிப் பெருமை கொண்டிருக்க முடியும்? 2019-இல் மாட்ரிட்டில் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் நடத்திய அவருடைய கண்காட்சிக்கு ‘பிறரின் சுயவுருவம்’ என்ற பொருளில் பெயரிட்டிருந்தார்கள். உங்கள் கேள்விக்கு அத்தலைப்பே போதும்.

தற்பெருமை என்ற குற்றச்சாட்டைவிட என்னை உறுத்துவது வேறு. 2005 மே மாதம் ரயில்வே கடவையில் அடிபட்டு, 31 வயதில் அவர் இறந்தார். அது விபத்தா, தற்கொலையா என்று துப்பறிய முற்படுவோர், ஓவியங்களை எல்லாம் மரண வாக்குமூலமாகவே படிக்கிறார்கள். அதற்கு முந்தைய ஏறத்தாழ 10 ஆண்டுகளில், இரவுக் காவல் வேலைக்கும் போய்க்கொண்டு, 200-ஐ நெருங்கும் படைப்புகளை அவர் முடித்திருந்தார் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.