பத்திரிகை தரும் மதிப்பெண்ணை எடுத்துப் போடலாமா? கேள்வி பதில்

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பொருள்களைச் சோதித்து மதிப்பெண் தரும் அமெரிக்க இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸில் வந்த வாஷிங் மெஷின் மதிப்பெண் அட்டவணையை எங்கள் குடியிருப்புச் சங்க மலரில் போடலாமா சார்? நன்றி என்று பெயரும் போட்டுவிடுவோம்.

பதில்: அட்டவணை முழுவதையும் போடாதீர்கள். நன்றி போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. அந்த இதழ் விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அட்டவணை இலவசமாகக் கிடைத்தால் சந்தா யார் கட்டுவார்கள்?

கேள்வி: மதிப்பெண் வெறும் தகவல்தானே? தகவலுக்கு ஏது உரிமை?

பதில்: பாதி சரி. தொலைபேசி டைரக்டரியில் உள்ள பெயருக்கும் எண்ணுக்கும் பதிப்புரிமை இல்லை என்று 1991இல் ஃபைஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதுபோல, மெஷின் எவ்வளவு தண்ணீர் எடுத்தது என்பது அளந்து கண்ட உண்மை. ஆனால் நூற்றுக்கு 78 என்பது அப்படியல்ல. அழுக்குப் போவதற்கு எவ்வளவு, சத்தத்துக்கு எவ்வளவு என்று சோதித்தவர்கள் எடைபோட்டுத் தந்தது அது. பழைய கார்களின் விலையை மதிப்பிட்டுச் சொல்லும் ரெட் புக் வழக்கில், அந்த மதிப்பீடுகள் பதிப்பாசிரியர்களின் சொந்தக் கணிப்பு, அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பெண்ணையும் இந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: விளம்பரத்தில் ஒரு வரி மேற்கோள் காட்டினால்?

பதில்: 1983இல் ரெஜினா வேக்குவம் கிளீனர் விளம்பரத்தில் அதைத்தான் செய்தார்கள். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தரப்பு வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கியது. மேல்முறையீட்டில் தடை நீங்கியது. சுமார் 2,100 சொல் கட்டுரையில் எடுத்தது 29 சொல்தான், அதனால் இதழின் விற்பனை கெடாது என்றார்கள் நீதிபதிகள்.

கேள்வி: அப்போ 30 சொல்லுக்குள் இருந்தால் கவலை இல்லையா?

பதில்: அப்படி ஒரு கணக்கே சட்டத்தில் கிடையாது. அனுமதி இல்லாமல் எடுத்தது நியாயமா என்று பார்க்க, எடுத்த நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைப் பாதிப்பு என்று நான்கையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். முன்னாள் அதிபர் ஃபோர்டின் நினைவுக்குறிப்பு வெளிவரும் முன்பே அதிலிருந்து ஏறக்குறைய 300 சொல் எடுத்துப் போட்ட வேறொரு இதழ், 1985இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பெரிய நூலில் அது துளிதான், ஆனால் எடுத்தது அதன் உயிர்ப் பகுதி. சோதனைக் கட்டுரைக்கு உயிர் எது? அட்டவணைதான்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் எழுதுவது?

பதில்: தாராளமாக எழுதுங்கள். "இந்த மாடல் நன்றாகத் துவைக்கிறது, ஆனால் சத்தம் அதிகம் என்கிறது இந்த மாத இதழ், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று ஓரிரு பொருளைப் பற்றி உங்கள் நடையில் சொல்லலாம். அட்டவணையே வேண்டுமென்றால் பதிப்பாளருக்கு எழுதி, அனுமதி வந்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.