ட்ரையர் பேர்ணர் இடையிடையே நின்றுபோகிறதா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் சின்ன மில் வைத்திருக்கிறேன். நெல் காயவைக்கும் ட்ரையரில் டீசல் பேர்ணர். காலபோக அறுவடை நேரத்தில் அடிக்கடி சிவப்பு லைட் எரிந்து நின்றுவிடும். பார்க்க வந்தவர் கன்ட்ரோல் பெட்டியை விலக்கி, மோட்டருக்கும் எண்ணெய் வால்வுக்கும் நேரே கரண்ட் கொடுத்துவிட்டார். இப்போது நிற்காமல் ஓடுகிறது. இப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. வயரைப் பழையபடி மாற்றும்வரை பேர்ணரைப் போடவே வேண்டாம்.

பேர்ணர் குழாய்க்குள் சுவாலையைப் பார்த்தபடி ஒரு சின்ன ஒளி சென்சர் இருக்கும். எண்ணெய் பீச்சத் தொடங்கிச் சில வினாடிகளில் (பல பேர்ணர்களில் 10 வினாடி) அதற்கு வெளிச்சம் தெரியாவிட்டால், கன்ட்ரோல் பெட்டி வால்வை மூடி, சிவப்பு லைட்டைப் போட்டுப் பூட்டிக்கொள்ளும். உங்கள் பேர்ணரில் இப்போது அந்தக் காவல் இல்லை. சுவாலை அணைந்தாலும் சூடான அறைக்குள் டீசல் பீச்சிக்கொண்டே இருக்கும், ஆவியாகி நிறையும். பிறகு பற்றினால் வெடிக்கும். அந்தப் பூட்டை விடுவிக்கும் றீசெற் பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்துவதிலும் இதே ஆபத்துத்தான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எண்ணெய் உள்ளே தேங்கும். ஒருமுறை அமத்திப் பாருங்கள். மறுபடி நின்றால் காரணத்தைத் தேடுங்கள்.

மில்லில் எனக்கு முதல் சந்தேகம் தூசிமேல்தான். அறுவடை நேரத்தில் பறக்கிற உமித்தூசி சென்சர் கண்ணாடியில் படிந்தால், எரிகிற நெருப்பும் அதற்கு இருட்டாகத் தெரியும். மெயினை நிறுத்தி, சென்சரை வெளியே இழுத்து, மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். கரி படிந்திருந்தால் கதை வேறு: காற்றுப் போதவில்லை, அல்லது எண்ணெய் பீச்சும் நொசில் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்தான் வேண்டும். கொஞ்ச நேரம் நன்றாக எரிந்து பிறகு நிற்பதென்றால் எண்ணெய் பில்டரையும் பாருங்கள். டீசல் பரலின் அடியில் தண்ணீர் நிற்பதும் வழக்கமான தொல்லை.

பெட்டியைத் திரும்ப மாட்டியதும் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். எரியும்போது சென்சரை வெளியே எடுத்துக் கைக்குள் பொத்தினால், சில வினாடிகளில் சுவாலை அணைய வேண்டும். அணையாவிட்டால் வேலை முடியவில்லை.

இன்னொன்று. அளவு மீறிச் சூடானால் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், புளோவர் காற்று வருகிறதா என்று பார்க்கும் சுவிட்ச்சும் வழக்கமாக அந்தப் பெட்டிக்குப் போகும் கரண்ட் வழியிலேயே இருக்கும். நேரே வயர் கொடுத்தவர் அவற்றையும் சேர்த்தே விலக்கியிருப்பார். புளோவர் பெல்ற் அறுந்தால் சூடு வெளியேற வழியில்லை, பதர் பற்றிக்கொள்ளும். ஆகவே பெட்டியை மாட்டியவரிடம் இவை இரண்டையும் உங்கள் கண்முன்னே இயக்கிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.