இமாம் புகாரி: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஹள்ரத், புகாரி என்பது இமாமின் சொந்தப் பெயரா?

ஊர்ப் பெயர். அவர் பெயர் முஹம்மது, வாப்பா பெயர் இஸ்மாயீல். ஹிஜ்ரி 194-இல் (கி.பி. 810) புகாராவில் பிறந்தார். இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது.

கேள்வி: ஆறு லட்சம் ஹதீஸ்களை (நபிகளின் சொல், செயல் பற்றிய செய்திகளை) அலசி, 16 வருடத்தில் 'ஸஹீஹ் புகாரி' நூலைத் தொகுத்தாராம். நாளைக்கு நூறுக்கு மேல் வருகிறதே?

வகுத்தது சரி தம்பி, எண்ணிய பொருள்தான் தவறு. ஹதீஸ் அறிஞர்கள் எண்ணியது, யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற அறிவிப்பாளர் வரிசையை. ஒரே செய்தி பத்து வழியாக வந்தால் அது பத்து ஹதீஸ். நூலில் 7,000-க்கு மேல் இருக்கிறது. திரும்ப வருவதைக் கழித்தால், அந்த நூலுக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் கணக்கில் 2,602. "செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை" என்ற ஹதீஸ் மட்டும் ஏழு இடத்தில் வரும்: வஹீ (இறைச்செய்தி), ஈமான் (நம்பிக்கை), அடிமை விடுதலை, ஹிஜ்ரத் (மதீனாவுக்கு இடம்பெயர்தல்), நிகாஹ் (திருமணம்), சத்தியம், சட்டத் தந்திரங்கள். மறதியில் எழுதியதல்ல, இடத்துக்கு இடம் வேறு சட்டம் எடுத்து, அதைத் தலைப்பில் சொல்கிறார். பாடத் தலைப்பைத் தாண்டிப் போகிறவருக்குப் பாதி புகாரிதான் கிடைக்கும்.

கேள்வி: வாட்ஸப்பில் வந்த புகாரி எண்ணைத் தேடினால் வேறு ஹதீஸ் வருகிறது.

பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். அனுப்பியவரிடம் அத்தியாயமும் தலைப்பும் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். இன்னொன்று, அவருடைய 'அல்அதபுல் முஃப்ரத்' தனி நூல். அதில் இருப்பதை 'ஸஹீஹ் புகாரி' என்று பரப்பாதீர்கள்.

கேள்வி: கனவில் ஒரு பெரியவரைக் கண்டேன்...

என் துறை இல்லை, சகோதரி. உள்ளூர் ஆலிமைக் கேளுங்கள்.

கேள்வி: ஆறு லட்சத்தில் மீதியெல்லாம் பொய்யா?

இல்லை. மேலே சொன்னேன், அது வழிகளின் எண்ணிக்கை. நூல் நீண்டுவிடும் என்று ஸஹீஹானவற்றையே (உறுதியானவற்றையே) நிறைய விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: இமாம் முஸ்லிம் அவருடைய மாணவர். பிறகு ஏன் அவர் தொகுத்த ஸஹீஹ் முஸ்லிமில் புகாரி வழியாக ஒரு ஹதீஸும் இல்லை?

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஈரானில் உள்ள நைஸாபூருக்குப் புகாரி வந்தபோது, அந்த ஊரின் பெரிய இமாம் துஹ்லீயே மக்களை வரவேற்கப் போகச் சொன்னார். அப்புறம் சபையில் ஒருவர், குர்ஆனை நாம் ஓதும் உச்சரிப்பு படைக்கப்பட்டதா என்று கிளறினார். குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு, படைக்கப்பட்டதல்ல. மனிதனின் செயல்கள் படைக்கப்பட்டவை என்றார் புகாரி. துஹ்லீ கொதித்தார்: உச்சரிப்பு படைக்கப்பட்டது என்பவர் என் சபைக்கு வரக்கூடாது. அங்கிருந்த இமாம் முஸ்லிம் உடனே எழுந்து போனார். துஹ்லீயிடம் எழுதிய ஏடுகளைச் சுமையாளியின் முதுகில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். ஆனால் தன் ஸஹீஹில் புகாரி, துஹ்லீ இருவர் வழியாகவும் எதையும் சேர்க்கவில்லை.

கேள்வி: துஹ்லீக்குச் சுத்தப் பொறாமை!

அப்படி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஹிஜ்ரி 218-இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லித் தொடங்கிய விசாரணையில், மறுத்த இமாம் அஹ்மத் பின் ஹன்பல் சிறைப்பட்டு, அடுத்த கலீஃபா காலத்தில் சாட்டையடி வாங்கினார். அந்தக் காயம் ஆறவில்லை. 'படைக்கப்பட்டது' என்ற சொல்லே மிரட்டியது. துஹ்லீயைச் சில்லறை மனிதராக்காதீர்கள்.

கேள்வி: புகாரி மட்டும் துஹ்லீயிடமிருந்து அறிவிக்கிறாரே?

ஆமாம், ஆனால் முழுப்பெயர் சொல்லாமல். வெறும் 'முஹம்மது' என்பார், இல்லையேல் பாட்டனார் பெயரோடு சேர்ப்பார். சண்டைக்காக ஹதீஸை எறியவில்லை. பெயரைப் போட்டு, துஹ்லீ தன் மேல் சொன்ன குற்றச்சாட்டுக்கு வலு சேர்க்கவும் இல்லை. இது என் வாசிப்பு.

கேள்வி: ஆறு லட்சம் ஹதீஸ் எப்படி சாத்தியம், ஹள்ரத்?

ஒரே கேள்வி மூன்று பேர் வழியாக வந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் இது மூன்று.